தொழிற்கூடம் வீடான கதை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள் நம் பெரியோர். வீடு கட்டுவதில் உள்ள தொல்லை அத்தகையது. ஆனால் வீட்டைக் கட்டாமலேயே, வேறொரு வேலைக்காகப் பிறர் கட்டிவிட்டுப் போன கட்டடத்தை வீடாக்கிக் கொண்டவர்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு, புதுமனை கட்டுகிறவர் படும் பாட்டிற்குச் சற்றும் குறைந்ததன்று. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் உள்ள சோஹோ என்னும் இடத்தில் நடந்தது அக்கதை. ஒரு தொழிற்கூடம் வீடாவதற்கு என்னென்ன வேண்டும், வீடான பின் அதில் குடியிருக்கும் உரிமை யாருக்குக் கிடைக்கிறது என்னும் இரு கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கிறது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

லாஃப்ட் என்பது யாது?

நம் ஊர் வீடுகளில் லாஃப்ட் என்றால், பழைய பாத்திரங்களையும் பெட்டிகளையும் ஏற்றி வைக்கும் பரண் என்றே பொருள். நியூயார்க்கில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. தொழிற்கட்டடத்தின் ஒரு மாடி முழுவதும், தடுப்புச் சுவரின்றி, முன்புறத்திலிருந்து பின்புறம் வரை ஒரே கூடமாகத் திறந்து கிடந்தால் அதனை லாஃப்ட் என்பார்கள். சரக்கு அடுக்கவும், தையல் இயந்திரங்களும் அச்சுப்பொறிகளும் ஓடவும் ஏற்பட்ட இடம் அது. மனிதர் உறங்குவதற்கென்று எவரும் அதைக் கட்டவில்லை.

ஹௌஸ்டன் தெருவுக்குத் தெற்கே இருப்பதால் அப்பகுதிக்குச் சோஹோ என்று பெயர். இந்தச் சுருக்கப் பெயர் 1960களின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. அங்குள்ள கட்டடங்களிற் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தவை. வார்ப்பிரும்புத் தூண்களையும் வளைவுகளையும் வார்ப்படச் சாலையிலேயே பகுதி பகுதியாக வார்த்து, கட்டுமிடத்துக்குக் கொண்டுவந்து, மரையாணியால் பூட்டி முகப்பாக நிறுத்தினார்கள். வண்ணம் பூசிய பிறகு கல்லா இரும்பா என்பது கண்ணுக்குத் தெரியாது. காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கல் தூணைவிட இரும்புத் தூண் மெல்லியது. ஆகவே தூண்களுக்கிடையே பெரிய சன்னல்களை வைக்க முடிந்தது. மின்விளக்கு வராத அந்நாளில் தொழிலாளிக்கு வேண்டிய வெளிச்சம் அச்சன்னல்கள் வழியே வந்தது. பிராட்வேயும் ப்ரூம் தெருவும் கூடும் மூலையில் நிற்கும் ஹாவுட் கட்டடத்தில்தான் 1857ஆம் ஆண்டு எலிஷா ஓட்டிஸ் பயணிகளுக்கான தம் முதல் லிஃப்டைப் பொருத்தினார். அது நீராவியால் இயங்கியது.

தொழில்கள் தேய்ந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தொழிற்கூடங்களின் நிலை தாழத் தொடங்கியது. சரக்கை மாடிக்கு மாடி ஏற்றி இறக்குவதைவிட, நகருக்கு வெளியே ஒரே தளமாகப் பரந்த ஆலை கட்டுவது முதலாளிகளுக்கு மலிவாயிற்று. குறுகிய தெருக்களில் பெரிய லாரிகள் நுழைந்து திரும்புவதும் கடினம். இவற்றோடு, ராபர்ட் மோசஸ் என்னும் அதிகாரி ப்ரூம் தெரு வழியே தீவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் விரைவுச் சாலையொன்றைப் போட முனைந்திருந்தார். எந்நாளும் இடிபடக் கூடிய கட்டடத்தில் யார் பணம் போடுவார்கள்? பழுதுபார்ப்பாரின்றிக் கட்டடங்கள் சீர்கெட்டன.

தீ விபத்துகளும் மிகுந்தன. ஹௌஸ்டன் தெருவை ஒட்டிய பிராட்வேக் கட்டடம் ஒன்றில், உள்ளாடை தைக்கும் கூடத்தில் 1958ஆம் ஆண்டு 24 பேர் மாண்டனர். "நரகத்தின் நூறு ஏக்கர்" என்று தீயணைப்புப் படையினர் இவ்வட்டாரத்துக்குப் பெயரிட்டார்கள். 1962இல் சிட்டி கிளப் என்ற அமைப்பு வெளியிட்ட அறிக்கை இதனைப் பாழ்நிலம் என்றே வருணித்தது.

எனினும் அது பாழ்நிலமன்று. நகரத் திட்டக் குழுவுக்காக இப்பகுதியை ஆராய்ந்த செஸ்டர் ராப்கின் 1963இல் தந்த அறிக்கை வேறு செய்தியைச் சொன்னது. கந்தல் துணியும் கழிவுத் தாளும் தரம்பிரிக்கும் கூடங்கள், அட்டைப்பெட்டி, ஆடை முதலியன செய்யும் சிறு தொழில்கள் ஆகியவை இன்னும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்துகொண்டிருந்தன. அவர்களிற் பலர் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் ஆவர். இடிக்க வேண்டாம் என்பதே ராப்கினின் முடிவு. விரைவுச் சாலைத் திட்டமும், ஜேன் ஜேக்கப்ஸ் முதலியோர் நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக 1969இல் கைவிடப்பட்டது.

ஓவியர்கள் வந்தார்கள்

காலியான மாடிகளுக்கு வாடகை குறைவு. பெரிய படம் தீட்டுவோருக்கும் சிற்பம் செய்வோருக்கும் உயர்ந்த கூரையும் வெளிச்சமும் தேவை. ஆகவே 1950களிலிருந்தே கலைஞர்கள் ஒவ்வொருவராக அங்கே குடியேறினார்கள். ஆனால் அது தொழிற்பகுதி. அங்கே குடியிருப்பது சட்டப்படி குற்றம். ஆகவே அவர்கள் மறைந்து வாழ்ந்தார்கள். இரவில் விளக்கொளி தெருவில் தெரியாதபடி சன்னலை மூடினார்கள். சோதனைக்கு அதிகாரி வந்தால் கட்டிலையும் அடுப்பையும் ஒளித்தார்கள். மாலையில் தொழிற்கூடம் மூடியதும் கொதிகலனை அணைத்துவிடுவார்கள். ஆகையால் பனிக்கால இரவுகளில் குளிரில் நடுங்கினார்கள்.

வீடாக்குவது எப்படி?

இத்தகைய கட்டடத்தை வீடாக்கும்போது முதலில் எழும் ஐயம், தளம் எடை தாங்குமா என்பதுதான். அதில் கவலையில்லை. வீட்டுத் தளம் சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்கினால் போதும் என்பது நியூயார்க்கில் வழங்கும் கணக்கு. சரக்கும் இயந்திரமும் ஏறும் தளத்துக்கு ஏறத்தாழ அதன் மும்மடங்கு வேண்டும். அதாவது இக்கட்டடங்கள் வீட்டுக்குத் தேவையானதைவிட மிக வலிமையானவை. உண்மையான இடர்ப்பாடுகள் வேறு.

முதலாவது வெளிச்சம். சோஹோவில் மனைகள் பல 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்டவை. இருபக்கச் சுவர்களும் அடுத்த கட்டடத்தை ஒட்டியிருப்பதால் சன்னல் முன்னும் பின்னுமே உண்டு. நடுப்பகுதி இருண்டு கிடக்கும். ஆகவே இருக்கும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் சன்னலோரம் வைத்து, சமையலறை, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை நடுவில் அமைப்பர். தடுப்புச் சுவரைக் கூரைவரை எழுப்பாமல் விட்டால் ஒளியும் காற்றும் மேலாக உட்செல்லும்.

இரண்டாவது தண்ணீர். தொழிற்கூடத்தில் ஒரு மாடிக்கு ஒரு கழிப்பறையே இருந்திருக்கும். வீடென்றால் குழாயும் கழிவுநீர்ப் போக்கும் வேண்டும். மாடிதோறும் சமையலறையும் குளியலறையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சுவரை ஒட்டி அமைந்தால், கீழிருந்து மேல்வரை ஒரே குழாய்த் தொடர் போதும், செலவு குறையும்.

மூன்றாவதும் தலையாயதும் தீ. உட்தளங்கள் மரம், அதில் பல ஆண்டு எண்ணெய் ஊறியிருக்கும். வார்ப்பிரும்பு எளிதில் எரியாது. ஆயினும் கடுஞ்சூட்டில் வலுவிழக்கும். பழுக்கக் காய்ந்த தூணின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விண்டுபோகவும் கூடும். பகலில் விழித்திருந்து வேலை செய்பவர் ஓடித் தப்பலாம். இரவில் குழந்தையோடு உறங்குபவர் நிலை என்ன? ஆகவே மாடிப்படியைத் தீப்புகாத சுவரால் அடைத்தல், வெளியேற இரண்டு வழி வைத்தல், நீர்த்தெளிப்பான் பொருத்துதல் ஆகியவை இன்றியமையாதன.

பழைய அழகைக் கெடுக்காமல் இவற்றையெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு ஸ்பிரிங் தெருவின் 101ஆம் எண் கட்டடம் சான்று. 1870இல் எழுந்த அந்த ஐந்து மாடிக் கட்டடத்தைச் சிற்பி டொனால்ட் ஜட் 1968இல் வாங்கினார். மாடிகளைத் துண்டாக்காமல், உண்பதற்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, உறங்குவதற்கு ஒன்று எனத் தளந்தோறும் ஒரு பயனை வகுத்தார். அவர் மறைந்த பின் சீரமைக்கப்பட்டு, 2013 முதல் அது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

சட்டம் பின்தொடர்ந்தது

1961இல் கலைஞர்கள் திரண்டு குரல் கொடுத்தபோது நகராட்சி சிறிது இறங்கிவந்தது. தெருக்கதவருகே ஏ.ஐ.ஆர். என்னும் எழுத்துகளையும் மாடி எண்ணையும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றார்கள். 'இங்கே கலைஞர் குடியிருக்கிறார்' என்பது அதன் பொருள். தீப்பிடித்தால் எந்த மாடியில் ஆள் உண்டு என்று தீயணைப்போர் அறிவதற்கே அப்பலகை. 1964இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. 1967இல் லிதுவேனியாவில் பிறந்த ஜார்ஜ் மச்சியூனஸ் என்னும் கலைஞர் ஊஸ்டர் தெருவின் 80ஆம் எண் கட்டடத்தைக் கூட்டுறவு முறையில் வாங்கிக் கலைஞர்களுக்குப் பகிர்ந்தளித்தார். பிறகு 1971இல், நகராட்சியிடம் சான்று பெற்ற கலைஞர்கள் சோஹோவில் வாழ்ந்துகொண்டே தொழில் செய்யலாம் என்று விதி பிறந்தது. 1973இல் 26 தெருப் பிரிவுகளும் ஏறத்தாழ 500 கட்டடங்களும் கொண்ட பகுதி பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாயிற்று.

அதற்குள் லாஃப்ட் வாழ்க்கை நாகரிகமாகிவிட்டது. ஓவியக் கூடங்களும் பின்னர் ஆடம்பரக் கடைகளும் வந்தன. தொழிற்கட்டடத்தை வீடாக்கும் உரிமையாளருக்கு 1975 முதல் வரிச்சலுகையும் கிடைத்தது. வாடகை ஏறியது. எஞ்சியிருந்த சிறு தொழில்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. குடியிருந்தவர்களுக்கோ கையில் இருந்தது வணிக இடத்துக்கான குத்தகைச் சீட்டு மட்டுமே. தம் கைப்பொருளைப் போட்டுக் குழாயும் மின்கம்பியும் இழுத்தவரை, குத்தகை முடிந்தவுடன் வெளியேறச் சொல்ல உரிமையாளருக்கு வழியிருந்தது.

இந்த அநீதியைத் தடுக்கவே 1982இல் லாஃப்ட் சட்டம் வந்தது. 1980 ஏப்ரல் முதல் 1981 டிசம்பர் வரையில் மூன்று குடும்பங்களேனும் தனித்தனியே வாழ்ந்த கட்டடங்களை அது குடியிருப்பாக ஏற்றது. கட்டடத்தைப் பாதுகாப்பாக்குவது உரிமையாளர் கடமை என்றது. குடியிருப்போர் வாடகைக்கு வரம்பு கட்டியது. அவர்கள் செய்த மேம்பாடுகளை விற்கும் உரிமையையும் தந்தது. அதே ஆண்டில் சமூகவியலறிஞர் ஷாரன் ஸூக்கின் லாஃப்ட் வாழ்க்கை பற்றிய தம் நூலை வெளியிட்டார். கலைஞர்களின் வருகை நிலமுதலீட்டுக்கு வழி திறந்துவிட்டதை அந்நூல் விளக்கிற்று. 2021 டிசம்பரில் நகரமன்றம் பழைய விதியை மாற்றிக் கலைஞரல்லாதாரும் சோஹோவில் குடியிருக்க வழி செய்தது. ஆனால் வசதி படைத்தோர் அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு குடியேறிவிட்டனர்.

மற்றொரு வழி

இதற்கு மாறான சான்று ஒன்றும் அந்நகரிலேயே உண்டு. பெல் ஆய்வுக்கூடம் விட்டுச் சென்ற கட்டடத் தொகுதியை, ஓர் அறக்கட்டளையும் அரசின் கலை நிறுவனமும் சேர்ந்து கலைஞர் குடியிருப்பாக்கின. வெஸ்ட்பெத் என்னும் அது 1970இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் அமைத்த ஏறத்தாழ 380 வீடுகள் அதில் உள்ளன. இலாபம் கருதாத அமைப்பு நடத்துவதால், அரை நூற்றாண்டு கடந்த பின்னும் வருவாய் குறைந்த கலைஞர்கள் அங்கே வாழ்கிறார்கள்.

முடிவுரை

சோஹோவின் இரும்புத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. இடிக்காமல் காத்தது பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆனால் கந்தல் பிரித்த தொழிலாளியும் போய்விட்டார். குளிரில் நடுங்கியபடி குழாய் இழுத்த ஓவியர்களிலும் பலர் போய்விட்டார்கள். வெஸ்ட்பெத்தில் அவ்வாறு நேரவில்லை. இரண்டிலும் செங்கல்லும் இரும்பும் ஒன்றே. உரிமையை வகுத்த முறைதான் வேறு. எனவே மூடிய ஆலையொன்றை வீடாக்கலாம் என்று திட்டமிடுவோர் தளத்தின் வலிமையையும் தீயின் பாதுகாப்பையும் கணக்கிடுவதோடு, பத்தாண்டு கழித்து அங்கே யாரால் வாடகை கொடுக்க முடியும் என்பதையும் முதல் நாளே கணக்கிட்டு, ஏட்டில் எழுதிவிட வேண்டும்.