தூளியும் தரையும்

தறிக்குழிக்கு அருகே உத்தரத்தில் ஒரு தூளி. வரப்போரத்து வேம்பின் கிளையில் ஒரு தூளி. நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும், வேலை செய்யும் தாயின் கண்பார்வையிலேயே குழந்தை உறங்குவதற்கு நம்மவர் கண்ட ஏற்பாடு இது. இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கையிலெடுத்த வேலை ஓர் அளவுக்கு வரும்வரை தாய் எழ இயலாது என்பதை நாம் அறிவோம். ஆயினும், விழித்திருக்கும் பொழுதையும் குழந்தை தூளியிலேயே கழிக்குமாயின், அதன் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய தரை அதற்குக் கிட்டாமற் போகிறது.

தூளியின் துணி குழந்தையின் உடலைச் சுற்றி வளைந்து நிற்கும். தலையைத் தூக்கவும், கையை ஊன்றவும், புரளவும் அங்கே இடமில்லை. பாயை விரித்துக் குப்புறக் கிடத்தினாலோ, குழந்தை முதலில் முகத்தைத் திருப்பும். சில வாரங்களில் தலையை நிமிர்த்தும். பிறகு முழங்கையையும், அதன் பின்னர் உள்ளங்கையையும் ஊன்றும். கழுத்து, தோள், முதுகுத் தசைகள் உரம் பெறுவது இம்முயற்சியினாலேயாம். தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும் வேளையில், நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமேனும் சிறுசிறு பொழுதாகக் குப்புறக் கிடத்த வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் கூறியது. அப்போது ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும். உறங்கும்போது மல்லாந்தே கிடத்த வேண்டும்.

நம் முன்னோர் இவ்வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள். பிள்ளைத்தமிழில் வரும் செங்கீரைப் பருவம், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தையைக் குறிப்பது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்கு வைத்தனர். புலவர்கள் வகுத்த இம்முறை இன்றைய மருத்துவர் கணக்குக்குப் பெரிதும் மாறுபட்டதன்று.

எனினும், எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே செயலைச் செய்வதில்லை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமுள்ள குழந்தைகளைக் கண்டு உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணையின்றி உட்காருதல் 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள்ளும், தனித்து நடத்தல் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள்ளும் நிகழ்கின்றன. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அக்குறையைக் கழித்தே வயது கணக்கிடல் வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்து இன்று எட்டு மாதமான குழந்தையிடம் ஆறு மாதக் குழந்தையின் செயலையே எதிர்பார்க்கலாம்.

ஆதலின் அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டுவதில்லை. ஆனால், "இவன் தகப்பனும் இரண்டு வயதில்தான் நடந்தான்" என்று பாட்டிமார் கூறும் ஆறுதலை நம்பி வாளாவிருப்பதும் தகாது. நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை. கைவிரல்கள் எந்நேரமும் இறுக மூடியே இருக்கின்றன. துணி மாற்றும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக் கொள்கின்றன. ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை. ஓராண்டு நிறையுமுன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். "இடக்கைப் பிள்ளை" என்று வீட்டார் மகிழும் குழந்தைக்கு வலப்பக்கம் பலவீனமாயிருத்தலும் உண்டு. மூளை தன்னை விரைந்து சீரமைத்துக் கொள்ளும் காலம் இம்முதலாண்டு. காத்திருந்து கழித்த மாதங்கள் மீண்டும் வாரா.

இயன்முறைச் சிகிச்சை என்றவுடன் கருவிகளையும் வலியையும் எண்ணிப் பலர் அஞ்சுகின்றனர். இலண்டனில் 1940-களில் பெர்த்தா பொபாத் அம்மையாரும் அவர்தம் கணவர் கார்ல் பொபாத்தும் வகுத்த முறையில், சிகிச்சையாளரின் கைகளே குழந்தையின் அசைவை வழிநடத்தின. இந்நாளில் குழந்தையின் சொந்த முயற்சிக்கே முதலிடம். மார்பின்கீழ்ச் சுருட்டிய துண்டை வைத்தல். கைக்கு எட்டியும் எட்டாத தொலைவில் கிலுகிலுப்பையை வைத்துப் புரளச் செய்தல். இடுப்பைத் தாங்கி உட்காரவைத்துப் பக்கவாட்டில் கையூன்றப் பழக்குதல். சிகிச்சையாளர் காட்டித் தருவார். நாள்தோறும் செய்விப்பவள் தாயே. கழுத்துத் தசை இறுகித் தலை ஒருபுறமே சாய்ந்திருக்கும் குழந்தைக்கு, முதற்சில மாதங்களில் பயிற்சி தொடங்கினால், பெரும்பாலும் அறுவைக்கு இடமின்றிச் சீராகும். அதனைத் தாமே இழுத்துத் திருப்ப முயலலாகாது. எண்ணெய் தேய்த்து நீராட்டுவதில் குற்றமில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதையும் மூக்கில் எண்ணெய் விடுவதையும் அடியோடு நிறுத்தல் வேண்டும்.

குழந்தையை இடுப்பில் கால் விரித்துத் தூக்கிச் செல்லும் நம் வழக்கம் இடுப்பு மூட்டுக்கு நன்மை செய்வது. கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றிக் கட்டுதலோ அம்மூட்டை நழுவச் செய்யக்கூடும். மரத்தாலான நம் நடைவண்டியும், குழந்தையை உள்ளே அமர்த்தும் இக்காலச் சக்கர வண்டியும் ஒன்றல்ல. முன்னது நிற்கக் கற்ற குழந்தை தானே பிடித்துத் தள்ளுவது. பின்னதோ நிற்கக் கல்லாத குழந்தையைத் தொங்கவிட்டு ஓடச் செய்வது. விபத்துகளின் காரணமாகக் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் கடைவீதிகளில் அது இன்னும் பரிசுப் பொருளாக விலை போகிறது!

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளில் குழந்தைகளைப் பரிசோதித்து, வேண்டுவோரை மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகின்றனர். அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயினும் நகருக்குச் சென்று வருவதால் ஒரு நாட்கூலி போகும் என்பது மெய்யே. போகும் நாளில் பிறப்புக் குறிப்பையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டு செல்க. குழந்தையின் அசைவு ஐயந்தருமாயின் அதனைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுக. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாயோடு தந்தையும் நின்று கற்றுக்கொண்டால், தாய் தறியிலோ வயலிலோ இருக்கும் நாளிலும் அவை தடைப்படா.