விதையில்லாச் சீத்தாவும் மரபணு வரைபடமும்

சீத்தாப்பழத்தின் சுவையை விரும்பாதார் இலர். அதன் விதையை விரும்புவாரும் இலர். வறட்சியைத் தாங்கும் இம்மரம் மல்லாங்கிணறு போன்ற மானாவாரிப் பகுதிகளுக்கு ஏற்றது. ஆகவே, நல்ல இரகங்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை நமது அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் ‘ஏ.பி.கே. 1’ என்னும் சீத்தாவைத் தெரிந்தெடுத்து வெளியிட்டது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் ‘ஐலண்ட் ஜெம்’, ‘மாமத்’ ஆகிய இரண்டையும் கலந்து, விதை குறைந்த ‘அர்கா சகான்’ இரகத்தை உண்டாக்கினர். இம்முயற்சிகளில் பெருஞ்செலவு காத்திருப்பதே. கலப்பு விதையிலிருந்து எழும் கன்றுகள் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். பலவற்றை வளர்த்து, ஒன்றைக் கொண்டு, மற்றவற்றைக் கழிக்க வேண்டும்.

இக்காலத்தைக் குறைக்க வந்ததே மரபணு வரைபடம். சீத்தாவின் உயிரணுவில் 7 ஜோடிக் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. எந்தக் குணத்தின் மரபணு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டுவதே வரைபடம். இத்தகைய முதல் வரைபடத்தை 1913இல் ஸ்டர்டெவன்ட் என்னும் அமெரிக்கர் பழ ஈயைக் கொண்டு வரைந்தார்.

நெசவாளர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஜக்கார்டு அட்டைகளில் ஒன்று விடுபட்டால், கரைப் பூவில் ஓர் இழை குறைகிறது. தாய்லாந்தின் விதையில்லாச் சீத்தாவிலும் அவ்வாறே நேர்ந்திருக்கிறது. விதையாக வேண்டிய சூலுக்கு இயல்பாக இரண்டு உறைகள் உண்டு. இம்மரத்தில் வெளியுறை தோன்றுவதில்லை. அதற்குரிய ‘இனோ’ மரபணு இம்மரத்தில் இல்லை என்று ஸ்பெயின், அமெரிக்க விஞ்ஞானிகள் 2011இல் வெளியிட்டனர். விடுபட்ட அட்டை எதுவென்று தெரிந்துவிட்டால், கன்றின் இலையைச் சோதித்தே அக்குறை அதில் உண்டா என்று அறியலாம். காய்க்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும் சுவை, மகசூல், வறட்சி தாங்கும் திறன் முதலியவை ஒரே மரபணுவால் அமைவன அல்ல. அவற்றின் இடங்களைக் காண, குணத்தில் வேறுபட்ட மரங்கள் பல தேவை. எல்லா மரமும் ஒரே ஒட்டுக்கன்றாக இருப்பின் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது. நமது வரப்புகளிலும் வேலியோரங்களிலும் தானே முளைத்த பழைய மரங்களில் அவ்வேறுபாடு எஞ்சியிருக்கிறது. ஒன்றை வெட்டினால், அதன் குணமும் அதனோடு போய்விடக்கூடும்.

ஆதலின், கோடையிலும் வாடாமல் காய்ப்பதோ, விதை குறைந்ததோ, பழம் பருத்ததோ எதுவாயினும், சிறப்புடைய மரத்தை வெட்டுமுன் சங்கத்தில் தெரிவியுங்கள். விதைக்கன்று தாய்மரத்தை அப்படியே ஒத்திராது. எனவே அதன் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டிக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு சங்கமும் இத்தகைய மரங்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, விவரத்தை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். அரசு அறிவிக்கை செய்த பயிர்களில், விவசாயிகள் தாம் பேணிய இரகங்களைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ள 2001ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளிக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்தில் வரைபடம் வரைவோர் பிறராயினும், அதற்குரிய மரங்களைக் காப்பவர் நாமே.