ரெக்கார்டு ரூமுக்கும் ஒரு படிப்பு



சென்ற மடலில், நம் ஊழியர் ஒருவரின் மகள் மருத்துவப் பதிவேட்டு இயல் படிக்கச் சென்றிருக்கிறாள் என்று இரண்டே வரிகளில் எழுதியிருந்தோம். அதைப் படித்த மூத்த ஆதரவாளர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். நர்சு படிப்புக்கு உதவி கேட்கிறீர்கள், அது புரிகிறது. பைலை எடுத்துக் கொடுத்துத் திரும்ப அடுக்கி வைக்க ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். பல வருடங்களுக்கு முன் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வார்டு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காதவர்களை உட்கார வைக்கிற இடம் ரெக்கார்டு ரூம் என்பதே அன்றைக்கு எங்கள் எண்ணம். அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கே தருகிறோம்.

முதலில் பெயரில் வரும் சிக்கலைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் மேரி என்ற பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கலியாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். வயதைக் கேட்டால், "நாப்பது இருக்கும், எழுதிக்கோங்க" என்பார்கள். ஊர் பெயரைக் கேட்டால் ஒரு முறை பெற்ற ஊர், மறு முறை புகுந்த ஊர். இப்படி இரண்டு மேரிகள் ஒரே நாளில் ஓ.பி.க்கு வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அது அவருடைய கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. டாக்டர் மேசைக்கு மற்ற மேரியின் பைல் போய்விட்டால், சிவப்பு மையால் என்ன பயன்? மருந்து எழுதுகிற டாக்டரிடம் குற்றம் இல்லை, ஊசி போடுகிற நர்சிடமும் இல்லை. தவறு ஏற்கனவே பதிவு கவுண்டரில் நடந்து முடிந்துவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் அதிகமாக நடக்கிறது. பழைய சீட்டைத் தொலைத்தவர் திரும்ப வரும்போது புது நம்பர் போட்டு விடுகிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பைல். ஒன்றில் சர்க்கரை வியாதி, மற்றதில் அறுவை சிகிச்சை. ஒன்றை வைத்துச் சிகிச்சை செய்கிறவருக்கு மற்றது இருப்பதே தெரியாது. கம்ப்யூட்டர் வந்தால் இது தீர்ந்துவிடும் என்று நாங்களும் நம்பினோம். தீரவில்லை. பெயரை ஓர் எழுத்து மாற்றித் தட்டினால் கம்ப்யூட்டர் அவரைப் புது ஆளாகவே ஏற்றுக்கொள்கிறது. எந்தெந்த விவரங்களைக் கேட்டு ஓர் ஆளை உறுதி செய்வது, இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து எப்படி ஒன்றாக்குவது என்பது இந்தப் படிப்பில் வரும் ஒரு முக்கியமான பாடம்.

அடுக்கி வைப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒருவருடைய நம்பர் 241763 என்றால், பயிற்சி பெற்ற ரெக்கார்டு ரூமில் அதை 24-17-63 என்று பிரித்து, கடைசியிலிருந்து படிப்பார்கள். முதலில் 63ஆம் பகுதிக்குப் போக வேண்டும், அங்கே 17ஆம் தட்டு, அதற்குள் 24ஆவது. ஏன் இந்தச் சுற்று வழி? வரிசையாக அடுக்கினால் புதிய பைல்கள் எல்லாம் கடைசி ரேக்கிலேயே குவியும். எல்லோரும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைசி இரண்டு எண்ணைப் பிடித்து அடுக்கினால், அடுத்தடுத்து வரும் நூறு பைல்கள் நூறு பகுதிகளிலும் ஒவ்வொன்றாகப் பரவி அமரும். இந்தப் பகுதி உன் பொறுப்பு, அந்தப் பகுதி உன் பொறுப்பு என்று பிரித்துக் கொடுக்கலாம். பைல் வெளியே போனால் அந்த இடத்தில் ஓர் அட்டை நிற்கும். யார், எந்தத் தேதியில், எந்த வார்டுக்கு எடுத்துப் போனார்கள் என்று அதில் இருக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் ஒருவர் சொல்லிக் கொடுக்காமல் எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி, கல்லூரிப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு நேரான பதிலுக்கு வருகிறோம். டாக்டர் எழுதும் நோயின் பெயரை உலகம் முழுவதும் பொதுவான ஓர் எண்ணாக மாற்றுவதைக் கோடிங் என்கிறார்கள். இதற்கான பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிடுகிறது. பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியலாளர் ஷாக் பெர்த்தியோன் 1893ல் சிகாகோவில் முன்வைத்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்தது அது. அதன் பத்தாம் திருத்தம் 1990ல் ஏற்கப்பட்டது. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. வயலில் பாம்பு கடித்து ஒருவர் வருகிறார். பத்தாம் திருத்தத்தில் பாம்பு விஷத்தின் பாதிப்புக்கு டி63.0 என்று ஓர் எண். விஷப் பாம்பினால் நேர்ந்தது என்பதற்கு எக்ஸ்20 என்று இன்னோர் எண். முதலாவது உடம்புக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும். இரண்டாவது எப்படி ஆயிற்று என்று சொல்லும். இரண்டையும் ஒழுங்காகப் போட்டு வந்தால், எந்த மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருப்பு வைக்க வேண்டும் என்று ஸ்டோருக்கு முன்கூட்டியே சொல்லலாம். போடாவிட்டால் ஞாபகத்தை நம்பித்தான் மருந்து வாங்க வேண்டும். நடுராத்திரியில் வரப்பில் கடிபட்டு வருகிறவனுக்கு நம் ஞாபகம் போதாது.

மரணச் சான்றிதழ் இதைவிடக் கடினம். காரணம் என்ற இடத்தில் "இருதயம் நின்றது" என்று எழுதிவிடுவது அநேக மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. இறக்கிற எவருக்கும் இருதயம் நிற்கத்தான் செய்யும். அது காரணம் ஆகாது. எந்த நோயில் தொடங்கி, எது எதைக் கொண்டுவந்து, கடைசியில் அங்கே முடிந்தது என்ற வரிசை வேண்டும். அப்படி எழுதியிராத தாளை டாக்டரிடம் திருப்பிக் கொண்டுபோய், "ஐயா, இதற்கு அடிப்படை என்ன?" என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்பதற்கு உடற்கூறு தெரிய வேண்டும், உடலியல் தெரிய வேண்டும், நோய்களின் பெயர்கள் தெரிய வேண்டும். கேட்கிற தைரியமும் வேண்டும். அந்தத் தைரியம் பாதி படிப்பினால்தான் வருகிறது. 2020ஆம் ஆண்டு நம் நாட்டில் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்றுடன் காரணம் பதிவானவை 22.5 சதவீதம் மட்டுமே. அந்தச் சிறு பங்கிலும் காரணம் சரியாக எழுதப்படாவிட்டால், எந்த நோய்க்கு எங்கே பணம் ஒதுக்குவது என்பதை அரசாங்கம் எதை வைத்துத் தீர்மானிக்கும்?

இந்தத் தொழில் பிறந்த கதையும் கேட்கத் தக்கது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து எழுத வேண்டும். குணமாகாவிட்டால் ஏன் என்றும் எழுத வேண்டும் என்றார். சக மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தாம் வேலை செய்த பெரிய மருத்துவமனையிலிருந்து 1914ல் விலகினார். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் விவரங்களை வெளியிட்டபோது, அதில் 123 தவறுகளைத் தாமாகவே குறித்திருந்தார். பின்னர் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளைச் சோதித்து 1919ல் பார்த்தபோது, 692 மருத்துவமனைகளில் 89 மட்டுமே குறைந்தபட்சத் தரத்தில் தேறின. அந்தத் தரத்தில் ஒழுங்கான கேஸ் ஷீட்டும் ஒரு நிபந்தனை. தேறாதவை பட்டியல் வெளியே போய்விடக் கூடாது என்று அதை ஒரு ஓட்டலின் அடுப்பிலே எரித்துவிட்டார்களாம்! தாள்களை யார் பொறுப்பாகக் காப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகே பலமாக எழுந்தது. 1928ல் பாஸ்டனில் பதிவேட்டுக் காப்பாளர்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, கிரேஸ் வைட்டிங் மயர்ஸ் அம்மையாரைத் தலைவராக்கினார்கள். 1930களில் மின்னசோட்டா மாநிலம் டுலூத் நகரில், பெனடிக்ட் சபைக் கன்னியர் நடத்திய புனித ஸ்கொலாஸ்டிகா கல்லூரி இதற்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அன்று தொடங்கிய சங்கம் 1991ல், சுகாதாரத் தகவல் என்ற சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. தாளைக் காப்பதிலிருந்து தகவலை நிர்வகிப்பதாக வேலை வளர்ந்துவிட்டதே காரணம்.

இனி எங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு முறை இந்த மடலுக்காக, நீண்ட நாள் சிகிச்சை பெற்றுக் குணமான ஒரு சகோதரியின் கதையை எழுத விரும்பினோம். நல்ல கதை, படித்தால் உங்கள் மனம் உருகியிருக்கும். ரெக்கார்டு ரூமுக்குப் போய் அவர்களுடைய பைலைக் கேட்டோம். அங்கே பொறுப்பிலிருந்தவர் எங்களைவிட வயதில் மிகவும் இளையவர். "அவங்க கையெழுத்து போட்ட சம்மதம் இருக்குதாங்க ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்படீன்னா பைலைக் கொடுக்க முடியாதுங்க" என்றார். கோபம் வந்தது. மருத்துவமனைக்காகத்தானே எழுதுகிறோம் என்றோம். அவர் எழுந்து நின்று மரியாதையாகவே பேசினார், ஆனால் பைல் மட்டும் வெளியே வரவில்லை. பிறகு அந்தச் சகோதரியையே சந்தித்துக் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு மகள் ஒருத்தி வரன் பார்க்கிற வயதில் இருந்தாள். அந்தக் கதை அச்சாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மடலில் நோயாளிகளின் பெயரையும் படத்தையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் போடுவதில்லை என்ற வழக்கம் அன்றிலிருந்துதான் வந்தது. படம் குறைந்துவிட்டது என்று சிலர் எழுதிக் கேட்டீர்கள், காரணம் இதுதான்.

சபை மூப்பர் கேட்டாலும், போதகர் கேட்டாலும், ஜெபிப்பதற்காகத்தான் என்று சொன்னாலும், ஒருவருடைய நோய் என்ன என்பதை ரெக்கார்டு ரூம் சொல்லாது. எச்.ஐ.வி. விஷயத்தில் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள தனிப்பட்ட விவரங்களைக் காக்க 2023ல் ஒரு சட்டம் நிறைவேறியது. 2021ல் தொடங்கிய தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் 14 இலக்க எண் பெற்றவரின் விவரம் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதானாலும் அவருடைய சம்மதம் வேண்டும். அதே வேளையில், நோயாளி தன் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குவிதி. யாருக்குக் கொடுக்கக் கூடாது, யாருக்குத் தாமதிக்கக் கூடாது, நீதிமன்றம் கேட்டால் எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் ஒரு பாடமாகவே இருக்கிறது.

படிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிளஸ் டூ முடித்தவர்கள் இந்தப் பட்டப்படிப்பில் சேரலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், கர்நாடகத்தில் மணிப்பாலிலும் இந்தத் துறையில் படிப்புகள் உண்டு. ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர், டெல்லி சப்தர்ஜங் போன்ற அரசு மருத்துவமனைகளில் குறுகிய காலப் பயிற்சி நடந்து வந்திருக்கிறது. இடங்கள், கட்டணம், தகுதி எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறுவதால் அந்தந்த நிறுவனத்திடமே நேராகக் கேட்டுக்கொள்வது நல்லது. தரகர்களை நம்ப வேண்டாம். 2021ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இந்தத் தொழிலும் இடம் பெற்றிருக்கிறது. ஆகவே அங்கீகாரம் உள்ள படிப்புதானா என்று சேருமுன் விசாரியுங்கள்.

இரத்தத்தைக் கண்டால் மயங்குகிற பிள்ளைகளும், மருத்துவமனையில் வேலை செய்யும் ஆசையை விட வேண்டியதில்லை என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஆனால் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது ஆகாது. உங்கள் சபையில் யாருக்காவது ஆர்வம் இருந்தால், ஒரு நாள் எங்கள் ரெக்கார்டு ரூமில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பைலைத் திறக்க விடமாட்டார்கள், வேலையை விளக்கிச் சொல்வார்கள். வருமுன் ஒரு கடிதம் போடுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று ஓ.பி. கூட்டத்தில் அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இராது.