உங்கள் பிள்ளைக்கு உதவும் பெரியவர்கள் பெறும் பண்பாட்டுப் பாதுகாப்பு மற்றும் இனவெறி எதிர்ப்புப் பயிற்சி

மருத்துவர், தாதியர், சமூகப் பணியாளர், ஆசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர் எனப் பெற்றோர் அல்லாத பலரும் ஒரு பிள்ளையின் நலனில் பங்கேற்கின்றனர். ஒன்ராறியோவில் இவர்களுள் பலர் பண்பாட்டுப் பாதுகாப்பு, இனவெறி எதிர்ப்பு ஆகியவை குறித்த பயிற்சியைப் பெறுகின்றனர். அப்பயிற்சி எதைக் கற்பிக்கிறது, அதனால் உங்கள் பிள்ளை பெறும் பராமரிப்பில் என்ன மாற வேண்டும், மாறாதவிடத்து நீங்கள் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

குழந்தையின் முதுகில் உள்ள நீலத் திட்டு

தெற்காசிய, ஆபிரிக்க, கிழக்காசியப் பின்னணியுடைய குழந்தைகள் பலருக்குக் கீழ்முதுகிலும் பிட்டத்திலும் நீலமும் சாம்பலும் கலந்த திட்டுகள் பிறப்பிலேயே காணப்படும். அவை தோலின் ஆழத்தில் தங்கிய நிறமியால் ஏற்படுபவை, வலியற்றவை, பெரும்பாலும் சிறுபராயத்திலேயே மங்கிவிடுபவை. வெளிர்நிறத் தோலை மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவர் இவற்றை அடிபட்ட கன்றல் எனக் கருதக்கூடும். அவ்வாறு கருதினால், குற்றமற்ற ஒரு குடும்பம் சிறுவர் பாதுகாப்பு விசாரணைக்கு உட்பட நேரிடும். கன்றலின் நிறம் சில நாட்களில் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறும். பிறவித் திட்டோ அவ்வாறு மாறாது. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது பயிற்சியின் ஒரு பகுதியாகும். உங்கள் குழந்தைக்கு இத்தகைய திட்டு இருப்பின், அதன் இடத்தையும் அளவையும் மருத்துவப் பதிவேட்டில் குறித்துவைக்குமாறு முதற் பரிசோதனையின்போதே கேளுங்கள்.

கருமை நிறத் தோலில் வேறு அறிகுறிகளும் மாறித் தோன்றும். பிறந்த குழந்தையின் மஞ்சட்காமாலையைத் தோலில் கண்டறிவது கடினம். கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். கரப்பான் சிவப்பாக அன்றி ஊதா, சாம்பல் அல்லது கரும்பழுப்பு நிறமாகத் தோன்றலாம். தோல் சிவக்கவில்லை என்ற காரணத்தால் உங்கள் கவலை ஒதுக்கப்படுமாயின், தயங்காது மீண்டும் கேளுங்கள்.

‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்பது யாது?

இக்கருத்து நியூசிலாந்தில் தோன்றியது. மாவோரி இனத்தவரான ஐரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற தாதி 1980களின் இறுதியில் இதனை முன்வைத்தார். 1992இல் அந்நாட்டின் தாதியர் மன்றம் இதனைத் தாதியர் கல்வியின் ஒரு பகுதியாக்கியது. பராமரிப்பு பாதுகாப்பானதாக இருந்ததா என்பதை அதனை வழங்கியவர் தீர்மானிப்பதில்லை, பெற்றவரே தீர்மானிக்கிறார் என்பது இதன் மையக் கருத்து.

முன்பு நடந்த பயிற்சிகள் பெரும்பாலும் ‘இன்ன சமூகத்தார் இன்னவாறு நடப்பர்’ என்னும் பட்டியல்களாகவே இருந்தன. அவை நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டியலே புதியதொரு முன்முடிவாகிவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் போரின் வடுவைச் சுமப்பவர் என்று எண்ணுவதும் தவறு. எவரும் சுமக்கவில்லை என்று எண்ணுவதும் தவறு. தம் முன்முடிவுகளை முதலில் அறிந்துகொண்டு, எதிரில் இருக்கும் பிள்ளையிடமே கேட்டறியப் பணியாளரைப் பழக்குவதே இன்றைய பயிற்சியின் நோக்கமாகும்.

விதிகளிலும் பாகுபாடு இருக்கலாம்

இனவெறி தனிமனிதரின் கடுஞ்சொல்லில் மட்டும் வெளிப்படுவதன்று. மனிற்றோபா மாகாணத்தின் நோர்வே ஹவுஸ் கிரீ முதற்குடியைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் 1999இல் பல மருத்துவத் தேவைகளுடன் பிறந்தான். மருத்துவமனையை விட்டுச் செல்லலாம் என்ற நிலை வந்த பின்னரும், வீட்டுப் பராமரிப்புச் செலவை ஏற்பது மத்திய அரசா மாகாண அரசா என்ற பிணக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. ஒரு நாளேனும் தன் குடும்பத்தின் வீட்டில் வாழாமலே 2005இல், ஐந்து வயதில், அவன் மருத்துவமனையில் இறந்தான். முதற்குடிப் பிள்ளைக்கு வேண்டிய சேவையை முதலில் வழங்கி, செலவுப் பிணக்கைப் பின்னர் தீர்க்க வேண்டும் என்னும் ‘ஜோர்டன் கொள்கை’யை 2007இல் நாடாளுமன்றத்தின் மக்களவை ஏற்றது. எனினும் அதனைக் கனடா உரியவாறு நடைமுறைப்படுத்தவில்லை என்று 2016இல் கனடிய மனித உரிமைகள் தீர்ப்பாயம் கண்டறிந்தது. எவரும் அச்சிறுவனைப் பழித்துப் பேசியிருக்க வேண்டியதில்லை, விதிமுறையே போதுமானதாயிற்று. ஒருநாள் வகுப்பினால் மட்டும் மாற்றம் நிகழும் என்று எதிர்பார்க்க முடியாதது இதனாலேயே ஆகும்.

நீங்கள் எதிர்பார்க்கக்கூடியவை

பணியாளர் உங்கள் பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து சரியாக உச்சரிக்க முயல வேண்டும். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிவதால் ஒரே குடும்பத்தினரின் பதிவுகள் வேறுபடுவதுண்டு. இதனை நீங்களே முன்கூட்டித் தெரிவிப்பது நன்று. பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்தும் பிள்ளை எதையோ மறைக்கிறது என்று முடிவு செய்யலாகாது.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளையைப் பயன்படுத்தக் கூடாது. தாயின் நோயைத் தாமே மருத்துவரிடமிருந்து கேட்டுத் தாயிடம் சொல்ல நேரும் பத்து வயதுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். சந்திப்பு நேரத்தைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்கப்பட்டால் மறைக்காது கூறுங்கள். பண்பாட்டை மதிப்பது என்பது தீங்கையும் ஏற்றுக்கொள்வதன்று. சில கண்மைகளில் ஈயம் கலந்திருப்பதால் அவற்றைக் குழந்தைகளுக்கு இடலாகாது. இதனை இழிவுபடுத்தாமல் விளக்குவது பணியாளரின் கடமையாகும்.

இனவெறியை எதிர்கொண்ட பிள்ளை

நிறம், பெயர், உணவு, உச்சரிப்பு ஆகியவற்றுக்காகத் தொடர்ந்து இகழப்படும் பிள்ளைக்கு வயிற்றுவலி, தலைவலி, உறக்கமின்மை, பாடசாலை செல்ல மறுத்தல் ஆகியவை தோன்றலாம். நீடித்த மன அழுத்தம் உடலையும் பாதிக்கும். இனவெறி பிள்ளைகளின் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019இல் அறிவித்தது.

பிள்ளை முறையிடும்போது “அதை விட்டுவிட்டுப் படிப்பைப் பார்” என்று கூறிவிட வேண்டாம். முழுவதும் கேளுங்கள், நடந்தது அதன் தவறன்று என்று சொல்லுங்கள், நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். கருப்பு, வெளுப்பு என்று நம் வீடுகளில் பேசப்படும் பேச்சையும் பிள்ளை கேட்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்துவது பற்றிப் பேசினால் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தெனில் 911ஐ அழையுங்கள்.

முறையிட விரும்பினால்

மருத்துவமனையாயின் முதலில் அதன் நோயாளர் உறவுப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். அங்கு தீர்வு கிடைக்காவிடின் ஒன்ராறியோவின் நோயாளர் குறைகேள் அதிகாரியை அணுகலாம். மருத்துவர் அல்லது தாதியரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை அவரவர் தொழிலை ஒழுங்குபடுத்தும் கல்லூரி ஏற்கும். சிறுவர் உதவிச் சங்கங்களைப் பற்றிய முறைப்பாடுகளை 2019 முதல் ஒன்ராறியோ குறைகேள் அதிகாரி விசாரிக்கிறார். ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிப்பதாயின், நிகழ்வு நடந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொடர் நிகழ்வுகளாயின் இறுதி நிகழ்விலிருந்து அக்காலம் கணக்கிடப்படும்.