எம்.ஏ. சமூகவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?



கல்லூரி முடிவுகள் வரும் நாட்களில் நம் பூண்டிப் பகுதி வீடுகளில் மேற்படிப்புப் பேச்சே பேச்சாக இருக்கும். மகள் எம்.ஏ. சமூகவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், பனியன் கம்பெனியில் செக்கிங் செய்யும் அம்மாவுக்கும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பாவுக்கும் முதலில் எழும் கேள்வி, அதைப் படித்தால் என்ன வேலை என்பதுதான். இரண்டு ஆண்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் குடும்பம் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. பதில் சொல்லுமுன் இது என்ன படிப்பு என்று பார்ப்போம்.

சமூகவியலையும் சமூகப்பணியையும் நம்மில் பலர் ஒன்றென்றே எண்ணுகிறோம். எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி, துன்பப்படும் மனிதருக்கு உதவும் முறைகளைக் கற்றுத் தருகிறது. சமூகவியலோ அந்தத் துன்பம் ஏன் சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கிறது. பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1897இல் தற்கொலை பற்றி ஒரு நூல் எழுதினார். கத்தோலிக்கரைவிடப் புரோட்டஸ்டாண்டு மக்களிடையே தற்கொலை அதிகம் என்று புள்ளிவிவரங்களைக் கொண்டு அவர் வாதிட்டார். இரு சபைகளுமே அதைப் பாவம் என்றுதான் போதிக்கின்றன. ஆகவே காரணம் போதனையில் இல்லை, மக்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்து வாழ்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்றார். அவருடைய கணக்குகளில் பின்வந்தவர்கள் குறை கண்டார்கள். ஆனால் அவர் கேள்வி கேட்ட முறை நிலைத்துவிட்டது.

அந்த முறையில் கேட்பதற்கு நம் ஊரில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. கூலி வேலைக்கு வந்தவர்களில் சிலர் முதலாளிகளானதும், பலர் கடைசிவரை பீஸ் ரேட்டிலேயே நின்றுவிட்டதும் எப்படி? "உழைப்பு" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி விடுகிறோம். ஷரத் சாரி என்ற புவியியல் அறிஞர் திருப்பூரிலேயே ஆய்வு செய்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த உழைப்போடு சாதி உறவும், விவசாயப் பின்னணியும், ஆண்களின் கூட்டாளித்தனமும் எப்படிச் சேர்ந்துகொண்டன என்று அதில் காட்டினார். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது, பலர் மூட்டை கட்டிக்கொண்டு இரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். வதந்தி என்று அரசு அறிவித்த பிறகும் அச்சம் ஏன் உடனே அடங்கவில்லை? பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் பீகார் இளைஞனின் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதும் விடையின் ஒரு பகுதியாக இருக்கலாம்.

திருச்சபைக்கு இந்தப் படிப்பு அந்நியமானதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 62ஆம் எண், மேய்ப்புப் பணியில் இறையியலோடு உளவியல், சமூகவியல் ஆகியவற்றின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்தச் சொல்கிறது. அப்படிப் பயன்படுத்தினால் நமக்கே சங்கடமான உண்மைகளும் வெளிவரும். இயேசு சபைத் தந்தை அந்தோணிராஜ் தமிழகக் கிறிஸ்தவர்களிடையே தலித் மக்கள் படும் பாகுபாட்டை ஆராய்ந்தார். அது 1992இல் மதுரையிலிருந்து நூலாக வந்தது. தனிக் கல்லறை, கோவிலில் தனி இடம் என்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாதிருந்தவை ஆய்வேட்டில் பதிவாயின. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. எண்ணிக்கையும் சாட்சியமும் இல்லாத முறையீட்டை "அங்கங்கே நடப்பது" என்று ஒதுக்கிவிடுவது எளிது.

இனி வேலை. உடனடியாகக் கைநிறையச் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளிகளில் இது தனிப்பாடமாக இருப்பது அரிது; ஆகவே ஆசிரியப் பணி என்றால் பெரும்பாலும் கல்லூரிதான். அதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். நம் ஊருக்கே உரிய வாய்ப்பும் உண்டு. வெளிநாட்டு வாங்குநர்கள் எஸ்.ஏ. 8000 போன்ற தரச் சான்றுகளைக் கேட்பதால் ஏற்றுமதிக் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் மனிதவளத் துறையில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களையே பலர் முதலில் தேடுகிறார்கள். அந்த வேலைதான் நோக்கம் என்றால் அந்தப் படிப்பையே எடுப்பது நல்லது.

எந்தப் பட்டம் பெற்றவரும் பொதுவாக இதில் சேரலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. வேலையை விட முடியாதவர்கள் இக்னோ வழியாக அஞ்சல் வழியில் படிக்கலாம். சனவரி, சூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை, நான்கு ஆண்டுகளுக்குள் முடித்தால் போதும். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் சிரமம்தான். ஷிப்ட் முடிந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு, இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவைக்க முடியுமா என்றும் பெற்றோர் யோசித்துக்கொள்ளுங்கள்.