செம்பனை நாரில் தங்கும் சிவப்பு



'விவசாயக் கழிவுகளின் பயன்' என்ற தலைப்பில் என் படிவம் ஐந்து மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பலருடைய தாளில் கிட்டத்தட்ட ஒரே வரி: "செம்பனைக் கழிவுகள் வீணாக எரிக்கப்படுகின்றன, அவற்றிலிருந்து நோய் தீர்க்கும் மருந்து எடுக்கலாம்." மொழியில் பிழை இல்லை. கருத்தில்தான் இரண்டு பிழை. வட்டம் போட்டுவிட்டேன். 'ஏன் டீச்சர்?' என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அதற்காக எழுதியது இது.

முதலில் 'வீணாக'. ஆலையில் பழக்குலைகளை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, திருகு இயந்திரத்தில் போட்டுப் பிழிகிறார்கள். எண்ணெய் ஒரு பக்கம் வடியும். கொட்டையும் நாரும் மறுபக்கம் வெளியே வரும். அந்த நாரைத்தான் கொதிகலனில் எரிக்கிறார்கள். அதில் கிடைக்கும் நீராவியே அடுத்த குலையை வேகவைக்கிறது. ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. ஆக, எரிப்பது உண்மை, வீண் என்பது தப்பு.

ஆனாலும் ஓர் இழப்பு உண்டு. எவ்வளவு பிழிந்தாலும் நாரில் 5, 6 விழுக்காடு எண்ணெய் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெய் சாதாரணமானதல்ல. ஆலையில் பிழிந்தெடுக்கும் சுத்திகரிக்காத எண்ணெயில் கிலோவுக்கு 0.5 முதல் 0.7 கிராம் கேரோட்டின் வகைகள் இருக்கும்; நாரில் தங்கிய எண்ணெயிலோ 4 முதல் 6 கிராம். வைட்டமின் ஈ-யும் அதில் கூடுதல். இரண்டுமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள்.

அது என்ன ஆக்சிஜனேற்றம்? பழைய முறுக்கில் சிக்கு வாடை வருகிறதே, அதுதான். எண்ணெயோடு ஆக்சிஜன் வினைபுரியும்போது, ஓர் எலெக்ட்ரான் துணையில்லாமல் நிற்கும் நிலையற்ற துகள்கள் உண்டாகின்றன. அவை பக்கத்து மூலக்கூறுகளைத் தாக்க, அது சங்கிலிபோல் தொடரும். தடுப்புப் பொருள் குறுக்கே வந்து அந்தத் துகள்களை அடக்கிவிடும், சங்கிலி அறுந்துவிடும்.

சரி, நாரிலிருந்து எப்படி எடுப்பது? இனம் இனத்தோடு சேரும் என்பார்கள்; வேதியியலிலும் அப்படித்தான். சம்பால் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், சிவப்பு போகாது. அந்த நிறம் எண்ணெயில் கரையும் இனம். கேரோட்டினும் அதே இனம்தான். அதனால் நாரை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, பிறகு ஹெக்சேனை ஆவியாக்கிப் பிரிக்கலாம். மலிவான வழி, ஆனால் ஹெக்சேன் சட்டென்று தீப்பிடிக்கும், உணவுக்கென்றால் அதன் மிச்சம் தங்கவும் கூடாது.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. கார்பன் டையாக்சைடை 31 பாகை செல்சியசுக்கு மேல் வைத்து, காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது வாயுவும் அல்ல, திரவமும் அல்ல என்ற நிலைக்குப் போகிறது. வாயுபோல் நாருக்குள் நுழையும், திரவம்போல் எண்ணெயைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைத்தவுடன் அது வாயுவாகிப் பிரிந்துவிடும். எண்ணெய் மட்டும் மிஞ்சும். காப்பிக் கொட்டையிலிருந்து காஃபினை நீக்கவும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். உயர் அழுத்தக் கருவிகளின் விலைதான் தடை. எந்த வழியில் எடுத்தாலும், எண்ணெய் போன நாரைப் பிறகு கொதிகலனில் போடலாம். மாணவர்கள் கட்டுரையில் எழுத வேண்டிய கருத்து இதுதான்: எரிப்பதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பிழை 'மருந்து'. சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் உடம்பிலும் நோயைத் தீர்க்கும் என்று சொல்லிவிட முடியாது. கேரோட்டின் உணவுக்கு நிறமூட்டும். அதன் சில வகைகள் உடலில் வைட்டமின் ஏ ஆகும். அவ்வளவு எழுதினால் போதும். புற்றுநோய் வரைக்கும் போக வேண்டாம், தயவுசெய்து!

வகுப்பில் காட்ட விரும்பினால் கேரட்டைத் துருவி, ஒரு கண்ணாடிக் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீரும் இன்னொன்றில் வெதுவெதுப்பான சமையல் எண்ணெயும் ஊற்றி அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஆரஞ்சு நிறம் எதில் கூடுதலாக இறங்குகிறது என்று மாணவர்களே சொல்வார்கள். பிறகு எண்ணெயை வடித்து இரண்டு பாகமாக்கி, ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றைச் சன்னலோர வெயிலிலும் சில நாள் வையுங்கள். வெயிலில் வைத்தது வெளுத்துவிடும். ஒளியும் வெப்பமும் காற்றும் கேரோட்டினைச் சிதைத்துவிடும். அதனால்தான் நாரை ஆலை முற்றத்தில் நாள்கணக்கில் குவித்துவைத்துவிட்டுப் பிறகு எடுக்க முடியாது.