ஆயில் ஸ்டிக் காட்டுவது சரியான அளவுதானா?

பானெட்டைத் திறந்து, ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். கார் வைத்திருக்கும் எல்லோரும் அறிந்த வேலை. புதுக் காரில் அந்த ஸ்டிக்கைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஐம்பது அறுபது வருடம் ஓடிய காரில் வேறொரு கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்: அந்த ஸ்டிக்கில் இருக்கும் கோடுகள் இந்த எஞ்சினுக்கு உரியவைதானா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி நெருக்கமாகப் பொருந்துவது ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரித்த கார் அது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலொட்டி. அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே குடும்பத்து எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி, மிக்கலொட்டியின் கைவண்ணத்திலேயே 1962இல் வெளிவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டிலும் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

ஸ்பிட்ஃபயர் நம் ஊருக்குள் அதிகம் வரவில்லை. ஆனால் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் ஓடின. சென்னையில் செய்த குடும்பக் காருக்குள் ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு இருந்தது என்பதைப் பந்தயக்காரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

ஆயில் மட்டத்தின் அருமை அறிந்த ஊர் என்றால் நெய்வேலியைச் சொல்லலாம். அந்த நகரியமும் ஹெரால்டும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிறவிகள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவானது. 1961இல் சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கார் வாங்க நினைத்த இந்தியருக்கு அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே மூன்று வழிகள்தான். ராட்சதச் சக்கர வெட்டி இயந்திரங்களின் கியர்பாக்ஸும் டர்பைன்களின் பேரிங்கும் ஆயிலை நம்பி ஓடும் ஊர் நெய்வேலி. டர்பைன் ஆயில் தொட்டியின் மட்டத்தை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பதிவேட்டில் எழுதுவது எந்த அனல்மின் நிலையத்திலும் வழக்கம். வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய காருக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு தேவைப்படுகிறது.

காரணம், பழைய காரின் பாகங்கள் இடம் மாறியவை. ஹெரால்டில் வந்தது 948 சிசி எஞ்சின். ஸ்பிட்ஃபயர் 1147 சிசியில் தொடங்கி, 1296, 1493 என்று வளர்ந்தது. பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் ஒன்றின் எஞ்சினை இன்னொன்றில் ஏற்றுகிறார்கள். அடிபட்டு நசுங்கிய சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியை, கழற்றி வேறொரு வண்டியின் சம்பைப் பொருத்துகிறார்கள். தொலைந்த ஸ்டிக்குக்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்டிக் உள்ளே இறங்குகிறது. துளைக்குள் போகிறது, நுனியில் ஆயில் ஒட்டுகிறது, எனவே சரியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்டிக் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை அதன் தலைப்பக்கம் இருக்கும் தடுப்பு தீர்மானிக்கிறது. தடுப்பு நகர்ந்து ஸ்டிக் குறைவாக இறங்கினால், சம்பில் போதுமான ஆயில் இருந்தும் குறைவு என்று காட்டும். உடைமையாளர் மேலும் ஊற்றுவார். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தொட்டுக் கடைந்து நுரையாக்கும். நுரை கலந்த ஆயில் பேரிங்குக்குப் போதிய அழுத்தம் தராது, சீல்கள் வழியாகவும் கசியும். தேவைக்கு மேல் ஆழமாக இறங்கும் ஸ்டிக் இதைவிட ஆபத்தானது. அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைவாக இருக்கும்போதும் மேல் கோடு வரை நனைந்து வரும்.

குறைவான ஆயில் ஸ்போர்ட்ஸ் காரில் ஏன் அதிகத் தீங்கு செய்கிறது? வளைவில் வேகமாகத் திரும்பும்போது சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு இருந்தால், ஆயிலின் மேற்பரப்பு சுமார் 35 டிகிரி சாய்ந்துவிடும். மட்டம் குறைவாக இருந்தால் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் அந்த நேரத்தில் காற்றை இழுக்கும். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு ஒரு கணம் சிமிட்டி அணையும். அந்தக் கணத்தில் பேரிங்குக்குள் உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கலாம். பந்தய வண்டிகளின் சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான்.

ஸ்டிக் சரியானதே என்றாலும் பார்க்கும் விதத்தில் பிழை நுழையும். முதலாவது, நேரம். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் ஒரு பங்கு ஃபில்டரிலும் குழாய் வழிகளிலும் மேலே ராக்கர் பகுதியிலும் இருக்கும். நிறுத்திய உடனே பார்த்தால் குறைவாகத் தெரியும். அது வழிந்து கீழே இறங்க ஐந்து முதல் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, சூடு. ஆயில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரிகிறது. 30 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் ஆயில் 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 170 மில்லி கூடுதலாகத் தெரியும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒரு நாள், மாலையில் ஓடி வந்த சூட்டில் மறுநாள் என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே முறையைப் பின்பற்றுவது நல்லது.

மூன்றாவது, சாய்வு. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நெய்வேலியின் சாலைகள் கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும். ஆனால் மழைநீர் வடிய எந்தச் சாலையும் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். வீட்டு முன் தளமும் வாசலை நோக்கிச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். ஒரு கணக்கு பார்க்கலாம். ஸ்டிக், சம்பின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, கார் 2 டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஸ்டிக்கில் மட்டம் 7 மில்லிமீட்டர் மாறிவிடும். இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி 20 மில்லிமீட்டர், அதற்குள் அடங்குவது ஒரு லிட்டர் என்றால், பிழை மூன்றில் ஒரு பங்கு லிட்டர்.

இதற்குத் தீர்வு கொத்தனாரிடம் இருக்கிறது. வீடு கட்டும்போது நான்கு மூலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அவர் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், நான்கு சக்கரங்களும் நிற்கும் தரையின் ஏற்றத்தாழ்வை மில்லிமீட்டர் கணக்கில் காட்டிவிடும். தாழ்ந்த சக்கரத்தின் கீழ் பலகை வைத்து ஒருமுறை சமன் செய்து, அந்த இடத்தைப் பெயின்டால் குறித்துவிட்டால் எப்போதும் அங்கேயே நிறுத்திப் பார்க்கலாம். ஒருபக்கம் ஜாக்கியில் தூக்கிய நிலையில் ஒருபோதும் பார்க்கக் கூடாது.

இனி, ஸ்டிக்கையே சோதிக்கும் வழி. ஆயில் மாற்றும் நாள்தான் அதற்கு ஏற்ற நாள். சூடான எஞ்சினிலிருந்து பழைய ஆயிலை முழுவதும் வடிய விட்டு, ஃபில்டரை மாற்றிக்கொள்ள வேண்டும். கைப்புத்தகம் சொல்லும் மொத்த அளவில் ஒரு லிட்டரைக் குறைத்து ஊற்ற வேண்டும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் எஞ்சின்களின் சம்புக்கு அந்த மொத்த அளவு சுமார் 4 லிட்டர், ஃபில்டருக்குத் தனியாகச் சற்றுக் கூடும். சில நிமிடம் எஞ்சினை ஐடிலிங்கில் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, ஸ்டிக்கில் ஆயில் நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு மீதி ஒரு லிட்டரை ஊற்றி, அதே போல ஓட்டி, காத்திருந்து, இரண்டாவது இடத்தைக் குறிக்க வேண்டும். மேலே கிடைத்ததுதான் இந்த எஞ்சினின் உண்மையான ‘மேக்ஸ்’. கீழே கிடைத்தது, ஒரு லிட்டர் குறைந்தால் மட்டம் எங்கே நிற்கும் என்பதற்கான அடையாளம். பழைய கோடுகளோடு அவை ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகவில்லை என்றால் புதிய இடங்களில் மெல்லிய அரத்தால் இலேசாகக் கீறி, பழைய கோடுகளைத் தேய்த்து அழித்துவிட வேண்டும். ஆழமாக வெட்டினால் ஸ்டிக் அந்த இடத்தில் ஒடியும்.

அளக்கும் ஜாடியும் சரியானதாக இருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் என்பதால், மளிகைக் கடைத் தராசிலேயே ஜாடியைச் சரிபார்த்துவிடலாம். கைப்புத்தகத்தில் இன்னொரு பொறி உண்டு. பழைய பிரிட்டிஷ் புத்தகங்கள் அளவை பைன்டில் தருகின்றன. பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473 மில்லி. 8 பைன்ட் என்பதை ஒன்றுக்கு மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் முக்கால் லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளின் புத்தகத்தைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கார்களுக்கும் ஒரே விதி கிடையாது. போர்ஷே 911இன் பழைய ஏர்கூல்டு மாடல்களில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். அவற்றில் எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஆயில் தொட்டியிலிருந்து இறங்கிப் போயிருக்கும். குறைந்துவிட்டதென்று லிட்டர் கணக்கில் ஊற்றிவிடுவார்கள்.

மட்டம் குறைவதை மட்டும் கவனித்தால் போதாது. யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறினால் அது உடனே பார்க்க வேண்டிய கோளாறு. எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். ஸ்டிக்கை முகர்ந்தாலே பெட்ரோல் வாடை வரும். ஆயில் மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம். இரண்டிலும் ஸ்டிக் ‘மேக்ஸ்’ என்று காட்டும், ஆனால் பேரிங்குக்குப் பாதுகாப்பு இருக்காது. அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஹெரால்டுக்குப் பின் வந்த கெசல் 1977இல் நின்றது. வண்டலூர் தொழிற்சாலை 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. எஞ்சின் பேரிங் தேய்ந்தால் பாகம் தேடி அலைய வேண்டிய கார்கள் இவை. ஹெரால்டோ வேறு பழைய ஸ்போர்ட்ஸ் காரோ வைத்திருப்பவர்கள் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கிடைத்த இரண்டு அளவுகளையும் தேதியோடு எழுதி, கைப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வண்டி கைமாறும்போது அந்தத் தாளும் சேர்ந்து போகட்டும்.